8-ஆம் எண் ஊசி எந்த ஊர் ஊசி?

பத்து அங்குல நீளம் பின்னி முடித்த பிறகுதான் போர்வையைத் தரையில் விரித்து அளந்தேன். 30 அங்குலம் இருக்க வேண்டிய அகலம் இருபத்து மூன்றரை இருந்தது. டேப்பை மறுபடி வைத்தேன். ஓரத்தைக் கையால் நீவிவிட்டு இன்னொரு முறை வைத்தேன். இருபத்து மூன்றரைதான். ஒரு வரிசைக்கு 136 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), ஏறத்தாழ 75 வரிசை; பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள். அண்ணிக்கு டிசம்பரில் பிரசவம். அப்போது அக்டோபர் நடுப்பகுதி. குன்னூரில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் அனுப்பிய குறிப்பை வைத்துக்கொண்டு பின்னினேன். அவள் தன் குழந்தைக்குப் பின்னிய அதே போர்வை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்னிவரும் அலை வேலைப்பாடு அது. 'ஓல்ட் ஷேல்' என்பார்கள். 18 கண்ணிக்கு ஓர் அலை. நான்கு வரிசைக்கு ஒரு முறை, அலையின் இரு ஓரங்களிலும் மும்மூன்றாக, இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்து ஆறு கண்ணி குறைக்க வேண்டும். நடுவில் நூலை ஊசிமேல் போட்டு ஆறு புதுக் கண்ணி ஏற்ற வேண்டும். குறைந்ததும் கூடியதும் சரியாகிவிடும், 18 கண்ணி 18 ஆகவே நிற்கும். குறைத்த இடம் பள்ளமாகவும் கூட்டிய இடம் மேடாகவும் வளைந்து துணி அலையடிக்கும். 7 அலை, இரு பக்கமும் ஐந்தைந்து கண்ணி கரை, மொத்தம் 136. ஓர் அலை 4 அங்குல அகலம் வரும், ஊசி எண் 8 என்று குறிப்பில் இருந்தது.

என்னிடம் 8-ஆம் எண் ஊசி இருந்தது. அம்மா வைத்திருந்த அலுமினிய ஊசி, தலையில் '8' என்று பொறித்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு டீச்சர் முப்பது ஆண்டுகள் பள்ளியில் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்தவர். போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பின்னலைப் பார்ப்பதற்கு முன் அவர் ஊசியைக் கேட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டை எடுத்து, ஊசியை ஒவ்வோர் ஓட்டையாக நுழைத்துப் பார்த்தார். 4 மில்லிமீட்டர் ஓட்டையில் அது பொருந்தி நின்றது.

"இது நம் ஊர் 8, அம்மா. அமெரிக்க 8 இதைவிடத் தடிமன், 5 மில்லிமீட்டர்" என்றார்.

நம் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கும் ஊசிகளுக்குப் பழைய ஆங்கிலேய எண் வரிசை. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 6 என்றால் 5 மி.மீ., 8 என்றால் 4, 9 என்றால் 3.75, 10 என்றால் 3.25. அமெரிக்க எண் நேர் எதிர்த் திசையில் போகும். அங்கே 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5, 10 என்றால் 6. ஆகவே அவர்களின் 8 நம் 6. அவர்களின் 6 நம் 8. இரண்டும் ஒன்றாகும் இடம் 7 மட்டும்தான், இரண்டு வரிசையிலும் அது 4.5 மி.மீ. அன்று வீட்டுக்கு வந்தவுடன் என் ஊசிகள் அத்தனையையும் தகட்டில் நுழைத்துப் பார்த்து, மில்லிமீட்டரைச் சிறு சீட்டில் எழுதி ஒட்டினேன். இப்போது எந்த நாட்டுக் குறிப்பு வந்தாலும் முதலில் மி.மீ. தேடுகிறேன். அது இல்லையென்றால் குறிப்பு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன்.

ஊசியை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். டீச்சர் தலையசைக்கவில்லை. "நூலைக் கொடு" என்றார்.

குறிப்போடு நாத்தனார் தன் போர்வையில் மிஞ்சிய ஒரு முழ நூலையும் காகிதத்தில் குத்தி அனுப்பியிருந்தாள். டீச்சர் ஒரு பென்சிலில் ஓர் அங்குலத்துக்குக் கோடு போட்டு, அந்த நூலை இழுக்காமலும் நெருக்காமலும் பக்கத்தில் பக்கத்தில் சுற்றினார். 10 சுற்று வந்தது. என் நூலைச் சுற்றினார், 13 சுற்று. பிறகு இரண்டு நூலையும் ஒன்றுக்குள் ஒன்று வளையமாகக் கோத்து முறுக்கி, என் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். விரல்களை ஒரு நூலிலிருந்து மற்றதற்கு ஓட்டினேன். கோத்த இடத்தைத் தாண்டியதும் நூல் சட்டென்று இளைத்தது. கண்ணால் பார்த்தபோது தெரியாத வித்தியாசம் விரலுக்கு உடனே தெரிந்தது.

அவள் பின்னியது 'வொர்ஸ்டெட்' தடிமன் உள்ள மெரினோ கம்பளி. நான் வாங்கியது 'பேபி உல்லன்' என்று கடையில் கொடுத்த அக்ரிலிக் என்ற செயற்கை இழை; தடிமனில் அதைவிட மெல்லிய 'டபுள் நிட்டிங்' வகை. நம் ஊர்க் கடைகளில் கைப்பின்னலுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூல்தான். அதை 'உல்லன்' என்றே எல்லோரும் சொல்கிறோம், ஆட்டு ரோமம் அதில் துளியும் இல்லாவிட்டாலும். 'பிளை' என்ற சொல்லும் இதேபோல் ஏமாற்றும். நம்மிடமும் இங்கிலாந்திலும் 4 பிளை என்றால் மெல்லிய நூல். பழைய அமெரிக்கக் குறிப்புகளில் 4 பிளை என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வொர்ஸ்டெட், நன்றாகத் தடித்தது. பிளை என்பது எத்தனை இழையை முறுக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு. இழையே தடித்திருந்தால் இரண்டு இழை நூல்கூட நான்கு இழை நூலைவிடப் பருமனாக இருக்கும்.

இரண்டு வழி இருப்பதாக டீச்சர் சொன்னார். நூலைக் குறிப்புக்கு ஏற்றபடி தடிக்க வைப்பது, அல்லது கண்ணிக் கணக்கை நூலுக்கு ஏற்றபடி மாற்றுவது. வீட்டுக்கு வந்து இரண்டையும் செய்து பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் போர்வையைத் தொடவே இல்லை, மாதிரித் துண்டுகள்தான்.

முதலில் 5 மி.மீ. ஊசியில் அதே நூல். குறிப்பு சொன்ன அளவுக்கு அருகில் வந்துவிட்டது, ஓர் அலை 3.75 அங்குலம். ஆனால் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஜன்னல் கம்பி தெரிந்தது. அலையில் இயல்பாக விழும் துளைகள் அகன்று என் சுண்டு விரல் உள்ளே போயிற்று. குழந்தையின் விரல் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்த மாத்திரத்தில் அதை அவிழ்த்துவிட்டேன். ஊசி அளவை ஒன்றிரண்டு படி ஏற்றி இறக்கலாம். மெல்லிய நூலைத் தடித்த நூலாக்கும் வேலையை ஊசியிடம் ஒப்படைக்க முடியாது. அளவு சரியாக வரும், துணி வராது.

அடுத்து இரட்டை நூல். வீட்டில் மிச்சமிருந்த மெல்லிய 4 பிளை நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்து 5 மி.மீ. ஊசியில் பின்னினேன். ஓர் அலை ஏறக்குறைய 4 அங்குலம் வந்தது, துணியும் நன்றாக இருந்தது. ஆனால் நூலை ஊசிமேல் போடும் இடங்களில் ஊசி முனை ஒரு நூலைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். இரண்டு வரிசை தாண்டித் திரும்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒற்றை நூல் வளையமாகத் தொங்கும். குழந்தையின் கால் விரலுக்குப் பொறி வைத்தது போல. வேலைப்பாடு இல்லாத நேர்ப்பின்னலாக இருந்தால் இந்த வழியையே எடுத்திருப்பேன்.

மூன்றாவதாக, வாங்கிய நூலையே வைத்துக்கொண்டு 4.5 மி.மீ. ஊசி, அதாவது நம் 7. ஓர் அலை மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 3.4. துண்டை முஷ்டியின்மேல் போட்டால் விறைத்து நிற்காமல் வழிந்து விழுந்தது. 4 மி.மீ. ஊசியில் பின்னிய துண்டையும் அதே மாதிரிப் போட்டுப் பார்த்தேன். கூடாரம் போல் நின்றது. அதே நூல், அரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஸ்வெட்டருக்கு அந்த இறுக்கம் வேண்டும், போர்வைக்கு வேண்டாம். நூல் சுற்றிய லேபிளில் அச்சிட்டிருக்கும் ஊசி எண் பெரும்பாலும் ஸ்வெட்டரை மனத்தில் வைத்து எழுதியது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பிறகு கணக்கு. 18 கண்ணி 3.4 அங்குலம் என்றால் ஓர் அங்குலத்துக்கு ஐந்தேகால் கண்ணி. 30 அங்குலத்துக்கு 157 அல்லது 158 வேண்டும். ஆனால் 158 என்று வாய்க்கு வந்தபடி ஏற்ற முடியாது, அலை 18-இன் மடங்காகத்தான் வரும். 8 அலைக்கு 144. மிச்சம் 14-ஐ இரண்டாகப் பிரித்து, கரைக்கு ஐந்தைந்துக்குப் பதில் ஏழேழு. மொத்தம் 158. அகலம் 30 அங்குலத்தை ஒட்டி வந்தது. இந்தப் போர்வையில் பேனாவும் காகிதமும் கட்டாயமாக வேண்டியிருந்தது இந்த ஒரே இடத்தில்தான். நீளத்துக்குக் கணக்கே தேவையில்லை. 36 அங்குலம் வரும்வரை பின்னிக்கொண்டே போகலாம். அகலம் மட்டும் முதல் வரிசையிலேயே முடிவாகிவிடுகிறது, பிறகு மாற்ற வழி கிடையாது.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதிரித் துண்டை நேர்ப்பின்னலில் போட்டு அளந்தால், அலை வேலைப்பாட்டில் அந்தக் கணக்கு நிற்காது. போர்வையில் எந்த வேலைப்பாடோ அதையே, குறைந்தது இரண்டு அலை அகலத்துக்குப் பின்ன வேண்டும். துவைத்து, தட்டையாக உலர்த்தி, நடுப்பகுதியை அளக்க வேண்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் தொளதொளவென்று இருக்கும்.

158 கண்ணி நீட்டு ஊசியில் நெருக்கியடித்து நின்றது. நுனியிலிருந்து வழிந்துவிடுமோ என்ற பயத்தில் கை தானாக இறுகியது; அளவும் இறுகும். இரண்டு முனைகளை நீளமான கம்பியால் இணைத்த வட்ட ஊசிக்கு மாறினேன். தொப்பி, கழுத்துப் பட்டி போன்று சுற்றிப் பின்னும் வேலைக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பித் தட்டையாகவும் அதில் பின்னலாம். போர்வையின் பாரம் மணிக்கட்டில் விழாமல் மடியில் கிடக்கும். ஆனால் அலுமினியத்திலிருந்து மூங்கிலுக்கு மாறுகிறவர்கள் புதிதாக ஒரு மாதிரித் துண்டு போட்டுவிடுங்கள். மூங்கிலில் கண்ணி வழுக்காமல் நிற்பதால் கை வேறு மாதிரி ஓடும், அளவு நகரும்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதில் இன்னொரு சிக்கல். குறிப்பில் 820 கெஜம், அதாவது 750 மீட்டர். நான் அந்த மீட்டரை அப்படியே எடுத்துக்கொண்டு 50 கிராம் கண்டு ஆறு வாங்கியிருந்தேன். நூல் மெலிந்தால் அதே பரப்பை நிரப்ப அதிக மீட்டர் வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை. 6 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 12 கிராம். போர்வையின் பரப்பு 30-க்கு 36, ஆக 1,080 சதுர அங்குலம். துண்டு 36 சதுர அங்குலம். முப்பது துண்டு, 360 கிராம். எட்டுக் கண்டு வேண்டும்.

மறுபடி கடைக்குப் போனேன். அதே நிறம் இருந்தது, ஆனால் லேபிளில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்குப் போடும் எண்) வேறு. கடை விளக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பிடித்தேன், புதியது ஒரு சாயல் மஞ்சள் கூடுதல். கடைக்காரரிடம் பழைய லாட் ஒரு கண்டும் இல்லை. நடுவில் போட்டிருந்தால் கோடு விழுந்தது போல் தெரிந்திருக்கும். புது லாட்டைத் தொடக்கத்து வரிசைகளுக்கும் கடைசி வரிசைகளுக்கும் வைத்துக்கொண்டேன். இரு முனையிலும் ஒரே சாயல் வந்ததால் அது திட்டமிட்டுப் போட்ட கரையாகவே நின்றது. கண்டு போதவில்லை என்பது மறுபடி முதலிலிருந்து பின்னத் தொடங்கும் முன்பே தெரிந்ததால் கிடைத்த வசதி இது. மாதிரித் துண்டை எடை போடாமல் இருந்தால் முக்கால் போர்வையில் போய் நின்றிருப்பேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் முடித்தேன். கடைசி வரிசையின் கண்ணிகளை 5 மி.மீ. ஊசியால் முடித்தேன். அதே ஊசியில் முடித்தால் மேல் ஓரம் இறுகி, போர்வை சுருக்குப் பை போல் ஆகிவிடும். இஸ்திரி போடவில்லை. அக்ரிலிக் மாதிரித் துண்டு ஒன்றின்மேல் நீராவி இஸ்திரியை வைத்துப் பார்த்திருந்தேன்; நூல் உயிரிழந்து, பளபளத்து, ஈரத் துணி போல் தொங்கிப்போயிற்று. எத்தனை முறை துவைத்தும் திரும்பவில்லை. போர்வையைத் துவைத்துத் துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாயில் விரித்து, அலைகளைக் கையால் ஒழுங்குபடுத்தி உலரவிட்டதோடு சரி.

அண்ணியிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். ஒரு வயது வரை குழந்தை தனியாகத் தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தில் ஏறிவிடும் அபாயம் உண்டு. மடியில் வைத்திருக்கும்போது, தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது, தரையில் படுத்து விளையாடும்போது மட்டும் போதும். "தெரியும், ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள்" என்றார். ஆனாலும் சொல்லிவிட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து சென்னையில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை, ஏப்ரலில். அதே போர்வை வேண்டும் என்றாள். ஏப்ரல் சென்னையில் அக்ரிலிக்கைக் குழந்தைமேல் போட எனக்கு மனம் வரவில்லை. பருத்தி நூல் எடுத்தேன், பென்சிலில் சுற்றிப் பார்த்தால் முன்பு பின்னியதன் தடிமன்தான். தடிமன் ஒன்று என்பதால் கணக்கும் ஒன்று என்று நினைத்தால் அங்கேதான் தவறும். கம்பளியும் அக்ரிலிக்கும் இழுத்தால் திரும்பி வரும். பருத்தி இழுத்த இடத்திலேயே நிற்கும்.

6 அங்குல மாதிரித் துண்டை நனைத்து, மேல் ஓரத்தில் இரண்டு கிளிப்பு மாட்டிக் கொடியில் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் ஒரு டீஸ்பூனைக் கட்டினேன். முழுப் போர்வையின் பாரத்தை அந்தத் துண்டுக்குக் காட்டுவதற்குத்தான் ஸ்பூன். காலையில் ஆறே முக்கால் அங்குலம் நீண்டிருந்தது. தட்டையாக உலர்த்திய பிறகும் ஆறேகாலுக்குக் கீழே இறங்கவில்லை. ஊசியை நம் 9-க்கு, 3.75 மி.மீ.-க்குக் குறைத்து மறுபடி செய்தேன். நீட்சி பாதியாகக் குறைந்தது. அக்ரிலிக்குக்குத் தளர்த்திய ஊசியை, பருத்திக்கு இறுக்க வேண்டியிருந்தது.

எடையும் மாறியது. அதே 6 அங்குலத் துண்டு பருத்தியில் 16 கிராம். என்னிடம் இருந்த லேபிள்களில் 50 கிராமுக்கு அக்ரிலிக் 130 மீட்டர், பருத்தி 95 மீட்டர். எடையைப் பார்த்து நூல் வாங்கினால் பருத்தியில் நிச்சயம் போதாமல் போகும். போர்வை கனத்துவிடக் கூடாது என்று அளவை 28-க்கு 30 ஆகக் குறைத்தேன். அதற்கே 370 கிராம் ஆயிற்று. தங்கை அதை வாரம் இரண்டு முறை துவைக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை: கொடியில் தொங்கவிடக் கூடாது, பாயில் விரிக்க வேண்டும். மாமியாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

லேபிள் இல்லாமல் சந்தையில் எடைக்கு விற்கும் நூலை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு விரல் நீள நூலை இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டின்மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடை அடித்துத் தானாக அணையும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்துபோகும். அக்ரிலிக் உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாகும். அந்த மணியைப் பார்த்த பிறகு, அடுப்படியில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும்போது அக்ரிலிக் போர்வை வேண்டாம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு நூலைத் தாடைக்குக் கீழே, கழுத்தில் வைத்து ஐந்து நிமிடம் இருங்கள். அங்கே உறுத்தினால் குழந்தைக்கும் உறுத்தும். ரோமம் உதிரும் மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) வகையைக் குழந்தைக்கு நான் தொடுவதே இல்லை.

மாதிரித் துண்டுகளை நான் அவிழ்ப்பதில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சீட்டு: நூல் எது, ஊசி எத்தனை மி.மீ., துவைக்கும் முன் ஓர் அலை எவ்வளவு, துவைத்த பின் எவ்வளவு, துண்டின் எடை. பிஸ்கட் டப்பாவில் இப்போது பதினொன்று இருக்கின்றன. டீச்சருக்குப் பேரக்குழந்தை பிறக்கப்போகிறது என்று போன வாரம் செய்தி வந்தது. இந்த முறை உண்மையான கம்பளி, ஊட்டியில் தேடிப் பிடித்தது, பென்சிலில் 12 சுற்று. 4.5 மி.மீ. ஊசியில் போட்ட துண்டு குளியலறை வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை உலர்ந்ததும் அளந்துவிட்டுத்தான் கண்ணி ஏற்றுவேன்.